பேசாத பெட்டியும் கேளாத வாயும்

கிற்றார் ஒலிக் கருவி ஒன்று எமக்குக் கற்றுத் தந்த பாடம்

சென்ற குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. டூங்கபியில் நாம் குடியிருக்கும் வீட்டின் வாசலில் இளைஞர் ஒருவர் வந்து நின்றார். கையில் கடைப் பை ஒன்று. உள்ளே வருமாறு இருமுறை அழைத்த பின்னரே சப்பாத்தைக் கழற்றினார். "மாஸ்டர், உங்களுக்கு இங்கிலிஷ் நல்லா வாசிக்கத் தெரியும் எண்டு சொன்னவை. இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுவியளோ?" என்று கேட்டபடி பைக்குள்ளிருந்து கறுப்பு நிறப் பெட்டியொன்றை எடுத்து மேசையில் வைத்தார். சப்பாத்துப் பெட்டியிலும் சற்று நீளமானது. மேலே வரிசையாகக் குமிழ்கள். கீழே காலால் அழுத்தும் மூன்று பொத்தான்கள். வலது ஓரத்தில் காரின் அக்ஸிலரேற்றரைப் போன்ற பெரிய மிதி ஒன்று.

அது ஒரு டிஜிற்றல் கிற்றார் ஒலிமாற்றுக் கருவி. மின் கிற்றாருக்கும் அம்பிளிபயருக்கும் நடுவே பொருத்தப்படுவது. வாடகையும் ஊருக்கு அனுப்பும் காசும் போக எஞ்சிய பணத்தில், 180 டொலர் கொடுத்து, முன்பின் தெரியாத ஒருவரிடம் அதனைப் பழைய பொருளாக வாங்கியிருந்தார். முதல் வாரம் நன்றாக வேலை செய்தது. பின்னர் ஒரு நாள் அறை மாறியபோது அதனைத் தூக்கிச் சென்று மறுபடி பொருத்தினார். விளக்குகள் எரிந்தன, ஒலி வரவில்லை. "செத்துப் போச்சு மாஸ்டர். ஏமாத்திப் போட்டாங்கள்" என்றார். இது நடந்து எத்தனை நாள் என்று வினவினோம். மூன்று வாரம் என்றார். யாரிடமாவது கேட்டீரா என்றோம். தலையைக் குனிந்துகொண்டார்.

பழைய மாணவர் சங்கம் ஒன்றின் இன்னிசை நிகழ்வுக்கு இன்னும் ஆறு வாரங்களே இருந்தன. அந்த நிகழ்வில் கிற்றார் வாசிக்க ஒப்புக்கொண்டிருந்த அவர், ஒத்திகைகளுக்குப் போகாமல் ஒவ்வொரு வாரமும் ஒரு சாட்டுச் சொல்லி வந்திருக்கிறார். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தப் பெட்டியன்று. அந்த மூன்று வார மௌனமே எம்மை எழுதத் தூண்டியது.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

நாம் கலைப்பிரிவில் பட்டம் பெற்றுத் தமிழும் வரலாறும் கற்பித்தவர். மின்னியல் எமக்குத் தூரம். ஆயினும் ஒரு பொருள் என்ன செய்கிறது என்பதை அறியாமல் அது ஏன் செய்யவில்லை என்று கேட்க முடியாது. ஆகவே, பிள்ளைகள் இத்தகைய கருவியைக் கேட்டு அடம்பிடிக்கும் வீடுகளிலுள்ள பெற்றோருக்கும் பயன்படும் வகையில், நாம் விளங்கிக்கொண்டதை இங்கு தருகின்றோம்.

மின் கிற்றாரின் தந்திகளுக்கு அடியில் காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் உள்ளன. உருக்குத் தந்தி அதிரும்போது அச்சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கின்றது. அதைக் கருவிக்குள் அனுப்பினால், கருவி அதனை ஒரு விநாடியில் பல்லாயிரம் தடவை அளந்து எண்களாக எழுதிக்கொள்கின்றது. பல கருவிகள் விநாடிக்கு 44,100 தடவை அளக்கும், இசைத்தட்டான சீ.டி.க்கும் இதுவே அளவு. வேறு பல 48,000 தடவை அளக்கும். ஒவ்வோர் அளவும் 24 பிற் எண்ணாகப் பதியப்படுமாயின், ஒலியின் ஏற்ற இறக்கத்தை 1 கோடியே 67 இலட்சத்துக்கு மேற்பட்ட படிகளாகப் பிரித்தறியலாம். எண்ணாக மாறிவிட்ட ஒலியைக் கூட்டலாம், பெருக்கலாம், சேமித்து வைத்துப் பிந்தி வெளியிடலாம். இக்கணக்குகளைச் செய்து முடித்து, மீண்டும் மின்னோட்டமாக்கி அம்பிளிபயருக்கு அனுப்புவதே இப்பெட்டியின் தொழில்.

ஊர்க் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டவர்களுக்கு எதிரொலியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இக்கருவியில் அதற்கு 'டிலே' என்று பெயர். அரை விநாடி பிந்திய எதிரொலி வேண்டுமாயின், விநாடிக்கு 44,100 எண்கள் என்ற கணக்கில், 22,050 எண்களை நினைவகத்தில் வைத்திருந்து வெளியிட்டால் போதும். கோயில் மண்டபத்திலோ தேவாலயத்திலோ பாடும்போது குரலைச் சுற்றி நிற்கும் கார்வை 'றிவேர்ப்'. அது எண்ணிறந்த சிறு எதிரொலிகளின் தொகுதி. இரண்டு நாதஸ்வரங்கள் ஒரே கீர்த்தனையை வாசிக்கையில் அவற்றுக்கிடையேயுள்ள நுண்ணிய வேறுபாட்டால் ஓசை அகன்று கேட்குமன்றோ, அதன் செயற்கை வடிவம் 'கோரஸ்'. திருவிழாவில் ஒலிபெருக்கிக் குழாயைக் கூடுதலாகத் திருகிவிட்டால் பாட்டுக் கரகரக்கும். அந்தக் கரகரப்பை வேண்டுமென்றே அளவோடு செய்வது 'டிஸ்ரோஷன்'. பெற்றோர் பலருக்குத் தலைவலி தருவதும் பிள்ளைகள் பெரிதும் விரும்புவதும் இதுவே.

சிட்னிக்கும் இதில் பங்குண்டு

கரகரப்பைத் தருவதற்கென்றே விற்பனைக்கு வந்த மிதிகளுள் முன்னோடியான 'மேஸ்ரோ' என்ற அமெரிக்கக் கருவி 1962 இல் வெளிவந்தது. அதில் எண்களுக்கு வேலை இருக்கவில்லை. சில திரான்சிஸ்ரர்களே இருந்தன. எண்முறையில் கார்வையை உண்டாக்கும் முதற்கருவி 1976 இல் ஜேர்மனியில் ஈ.எம்.ரி. நிறுவனத்தாரால் செய்யப்பட்டது; ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு மட்டுமே கட்டுபடியாகும் பெரும்பொருள் அது. எண்முறை எதிரொலியைக் காலடியில் வைக்கும் சிறு மிதியாக 1983 இல் தந்தது யப்பானின் போஸ் நிறுவனம். பல ஒலிமாற்றங்களை ஒரே பெட்டிக்குள் அடக்கும் கருவிகள் 1980களின் பிற்பகுதியில் பரவலாயின. அமெரிக்காவின் லைன் 6 நிறுவனத்தின் 'பொட்' என்ற கருவி 1998 இல் வெளிவந்து, பெயர்பெற்ற அம்பிளிபயர்களின் குரலையே கணக்கால் போலச் செய்துகாட்டியது.

இவ்வரலாற்றில் நாம் வாழும் நகரத்துக்கும் ஓர் இடமுண்டு என்பதை எம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். பீற்றர் வோகல், கிம் றைரி என்ற இரு சிட்னி இளைஞர்கள் 1975 இல் தொடங்கிய நிறுவனம் 'ஃபெயார்லைற்'. சிட்னித் துறைமுகத்தில் ஓடிய ஒரு பயணிகள் படகின் பெயரையே அதற்குச் சூட்டினர். 1979 இல் அவர்கள் வெளியிட்ட கணினி இசைக்கருவி, வெளியுலகின் எந்த ஒலியையும் எண்ணாகப் பதிந்து, விசைப்பலகையில் சுரமாக வாசிக்க இடமளித்தது. உலகின் பெரிய ஒலிப்பதிவுக் கூடங்கள் அதனை விரும்பி வாங்கின. பெரிய நிறுவனங்களின் ஆய்வுகூடங்களுக்கு வெளியே, கேட்டும் தேடியும் பிழைவிட்டும் கற்ற இளைஞர்களின் வேலை அது.

எம்மவரும் கிற்றாரும்

கிற்றார் எமக்கு அந்நியமன்று. 1960களின் இறுதியிலும் 1970களிலும் ஈழத்துப் பொப் இசை எழுந்தபோது, அதன் தோளில் தொங்கியது கிற்றாரே. அவ்விசையின் முன்னோடியான நித்தி கனகரத்தினம் பின்னாளில் குடியேறியது இதே அவுஸ்திரேலிய மண்ணில். 2018 இல் மறைந்த ஏ. ஈ. மனோகரன் அவ்விசையைத் தமிழகத் திரை வரை கொண்டு சென்றார். கர்நாடக இசையில், 2014 இல் மறைந்த மன்டலின் யூ. ஸ்ரீநிவாஸ், மின் மன்டலினிலே கமகங்களை வாசித்து, மேலைநாட்டுக் கருவியில் எமது இசை முடியாது என்றவர்களை வாயடைக்கச் செய்தார். மெல்லிய மன்டலின் தந்தியின் நாதம் நெடுநேரம் நிற்காது. மின்வழி பெருக்கியதனாலேயே நீண்ட சுரங்களையும் இழைப்புகளையும் அவரால் அரங்கு நிறையக் கேட்பிக்க முடிந்தது. மின்கருவி என்றதும் முகஞ்சுழிக்கும் பெரியோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லலாம். 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றறிகள் தடைசெய்யப்பட்ட பொருளாயின. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை எம்முடையது. ஒருவர் சுற்ற, ஒருவர் வயரைப் பிடிக்க, ஒருவர் அலைவரிசை தேடுவார். அன்று எவரும் தனக்குத் தெரியாததைக் கேட்க வெட்கப்பட்டதில்லை. அந்தத் தலைமுறையின் பிள்ளை ஒருவர், மூன்று வாரம் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு வாய்மூடி இருந்தது எமக்கு ஆச்சரியத்தையும் வேதனையையும் ஒருங்கே தந்தது.

அன்று மாலை நடந்தது

கையேட்டின் முதற் பக்கங்களை வாசித்தோம். ஆங்கிலம் விளங்கியது, பொருள் விளங்கவில்லை. அப்போது பென்டில் ஹில்லில் வசிக்கும் பெரியவர் ஒருவர் நினைவுக்கு வந்தார். ஊரிலே திருவிழாக்களுக்கும் கலியாண வீடுகளுக்கும் ஒலிபெருக்கி பூட்டியவர், வானொலி திருத்தியவர். எழுபது வயதைத் தாண்டிவிட்டார். இத்தகைய பெட்டியைத் தொட்டதில்லை என்றார். ஆயினும் தொலைபேசியில் அவர் கேட்ட கேள்விகள் ஒழுங்கான கேள்விகள்.

"பெட்டியை விட்டிட்டு, கிற்றாரை நேரே அம்பிளிபயரிலை குத்திப் பாருங்கோ" என்றார். குத்தினோம், ஒலி வந்தது. ஆகவே கிற்றாரும், அம்பிளிபயரும், அந்த ஒரு வயரும் நல்லவை. "இப்ப மற்ற வயரை மாத்திப் பாருங்கோ" என்றார். அதுவும் நல்லது. அப்பால் பெட்டியைப் பொருத்தி, வயர் உள்வாங்கும் துளையிலா வெளிவிடும் துளையிலா உள்ளது என்று பார்க்கச் சொன்னார். பார்த்தோம், சரியாகவே இருந்தது. வெளிவிடும் துளைகள் இரண்டிருந்தால், ஒரே அம்பிளிபயருக்கு 'மோனோ' என எழுதிய துளையையே பயன்படுத்த வேண்டும் என்றும் சொன்னார். அதுவும் சரி.

"சுருதி பார்க்கிற வசதி இருக்கோ? இருந்தால் அதைப் போட்டு ஒரு தந்தியைத் தட்டுங்கோ. எழுத்துத் தெரியுதோ?" என்று கேட்டார். தட்டினோம். சிறிய திரையில் சுரத்தின் எழுத்துத் தோன்றியது. மறுமுனையில் பெரியவர் சிரித்தார். "அப்ப சாகேல்லை. காது கேக்குது, வாய்தான் திறக்கேல்லை" என்றார். கிற்றாரின் ஒலி பெட்டிக்குள் போகின்றது. வெளியேறும் வழியில் எங்கோ அடைபடுகின்றது. சுருதி பார்க்கும் நிலையில் பல கருவிகள் தாமாகவே மௌனமாகிவிடும் என்பதால் அதனை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினோம், ஒலியில்லை. இறுதியாக, "அந்தப் பெரிய மிதி எந்தப் பக்கம் சரிஞ்சு கிடக்கு?" என்று கேட்டார்.

மிதி குதிப்பக்கம் சரிந்து கிடந்தது. கையேட்டைப் புரட்டினோம். அம்மிதி ஒலியளவைக் கூட்டிக் குறைப்பது. குதிப்பக்கம் முழுதாகச் சரிந்தால் ஒலி முற்றாக நின்றுவிடும் என எழுதப்பட்டிருந்தது. தம்பி மிதியை முன்பக்கம் அழுத்தினார். அப்போதும் ஒலி வரவில்லை. அவருடைய முகம் மீண்டும் வாடியது. ஆனால் அதே பக்கத்தின் அடியில் இன்னொரு குறிப்பு இருந்தது: மிதியின் நிலையைக் கருவி சரியாக உணராவிடின் அதனை மீள அளவிட வேண்டும். இரண்டு பொத்தான்களை அழுத்தியபடி மின்சாரத்தைக் கொடுத்து, மிதியை முழுதாகப் பின்னுக்கும் முழுதாக முன்னுக்கும் அழுத்திக் காட்டுதல் அதன் முறை. அறை மாறும்போது பெட்டி எங்கோ இடிபட்டு அந்த அளவு பிசகியிருக்கலாம். சொன்னபடி செய்தோம். தந்தியைத் தட்டினார். வீட்டுச் சுவர் அதிர்ந்தது. அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தவர்களுக்கு நாம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

பதினைந்து நிமிட வேலை. மூன்று வார வேதனை.

பின்னர் தம்பி தமது தொலைபேசியை எடுத்து, விற்றவருக்குத் தாம் அனுப்பிய செய்தியைக் காட்டினார். ஆங்கிலத்தில் ஒரே வரி. வேலை செய்யவில்லை, ஏன் ஏமாற்றினாய் என்பது அதன் பொருள். மறுமொழி வராததில் வியப்பில்லை. விற்றவர் ஏமாற்றவில்லை என்பது இப்போது தெரிந்துவிட்டது. அன்றிரவே ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத உதவினோம். மறுநாட் காலை பதில் வந்தது. வேலை செய்வதறிந்து மகிழ்ச்சி, வேறு ஐயமிருந்தால் கேட்கலாம் என்று எழுதியிருந்தார்.

உதவி கேட்பதும் ஒரு கல்வி

இந்த அனுபவத்தில் நாம் கற்றவற்றை, ஆசிரியத் தொழிலின் பழக்கத்தால், ஒழுங்குபடுத்தித் தருகின்றோம்.

'வேலை செய்யவில்லை' என்பது கேள்வியன்று, அது முறைப்பாடு. வைத்தியரிடம் சென்று 'சுகமில்லை' என்று மட்டும் சொன்னால் அவர் என்ன மருந்து எழுதுவார்? ஒருவரிடம் உதவி கேட்குமுன் ஐந்து விடயங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, கருவியின் அடியில் அச்சிடப்பட்டுள்ள பெயரும் மாதிரி இலக்கமும். இரண்டு, எது எதனோடு இணைக்கப்பட்டுள்ளது என்பது. மூன்று, பழுது தோன்றுமுன் நீங்கள் கடைசியாகச் செய்தது. நான்கு, இப்போது காண்பதும் கேட்பதும். விளக்கு எரிகின்றதா, திரையில் எழுத்து உண்டா, இரைச்சலா, முழு மௌனமா என்பவை. ஐந்து, இதுவரை நீங்கள் முயன்று பார்த்தவை. இந்த ஐந்தையும் அரைகுறை ஆங்கிலத்தில் எழுதினாலும் போதும், அறிந்தவர் விளங்கிக்கொள்வார். இலக்கணப் பிழையால் எவரும் உதவி மறுப்பதில்லை. விபரமில்லாமையாலேயே உதவி தடைப்படுகின்றது.

இக்கருவிகளில் அடிக்கடி நேரும் வேறு சில இடர்களையும் குறிப்பிடுதல் பயன்தரும். மின்சாரம் கொடுக்கும் அடப்ரர் முதலாவது. கிற்றார் மிதிகளிற் பெரும்பாலானவை 9 வோல்ற்றில் இயங்குபவை; அவற்றின் செருகியில் நடுப்பகுதி எதிர்முனை, வெளிப்பகுதி நேர்முனை. வீட்டிலுள்ள வேறு பல அடப்ரர்களில் இது மறுதலையாக இருக்கும். செருகி பொருந்துகின்றது என்பதற்காக மாற்றிக் குத்தினால் கருவி கெட்டுவிடக்கூடும். வோல்ற், முனை, அம்பியர் ஆகிய மூன்றையும் அடப்ரரின் முதுகில் பார்த்துக் கொள்ளுங்கள். அம்பியர் கருவி கேட்பதிலும் கூடலாம், குறையக்கூடாது. ஊரிலும் இங்கும் மின்னழுத்தம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் என்பதால் ஊரிலிருந்து கொண்டுவந்த அடப்ரர் செருகி மாற்றினால் வேலை செய்யும். அமெரிக்காவில் வாங்கியது 120 வோல்ற்றுக்கு மட்டும் உரியதாயின், இங்கு குத்தியதும் எரிந்துவிடும்.

ஓயாத இரைச்சல் கேட்டால், கிற்றாரின் ஒலிக்குமிழை முழுதாகக் குறைத்துப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அது கிற்றார்ப் பக்கத்திலிருந்து வருவது. அடப்ரர்களுக்கும் கணினித் திரைக்கும் அருகிலிருந்து விலகி நின்றால் குறையலாம். நிற்காவிடின் அடப்ரரையும் வயரையும் சந்தேகியுங்கள். ஒலி மெலிந்து கீச்சிட்டால், கருவி அம்பிளிபயருக்குச் செல்கின்றதா, ஒலிக்கலவைப் பலகைக்கோ காதுக் கருவிக்கோ செல்கின்றதா என்று தெரிவுசெய்யும் அமைப்பைச் சரிபாருங்கள். 'றீசெற்' என்ற சொல்லைக் கண்டதும் அழுத்திவிடாதீர்கள். பிள்ளை மாதக்கணக்கில் உருவாக்கிய ஒலியமைப்புகள் அனைத்தும் அதில் அழிந்துபோகும். முதலில் அவற்றைக் கணினியில் சேமிக்க வேண்டும், அல்லது தாளில் எழுதிவைக்க வேண்டும். கருவியின் உள்மென்பொருளைப் புதுப்பிக்கும்போது மின்சாரத்தை இடையில் நிறுத்தலாகாது. கையேடு தொலைந்திருந்தால் தயாரிப்பாளர்களின் இணையத்தளங்களில் பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கும். வென்ற்வேத்வில் போன்ற பொது நூலகங்களில் கணினியும் அச்சிடும் வசதியும் உண்டு.

ஓர் எச்சரிக்கை. கருவியைத் திறந்து பார்க்கும் ஆசை எம்மவர்க்கு அதிகம். சுவர் மின்சாரம் நேரடியாகச் செல்லும் எதனையும் திறக்காதீர்கள். வால்வு வைத்த அம்பிளிபயர்களில் மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் உயிராபத்தான அழுத்தம் தங்கி நிற்கும். திருத்துநரிடம் கொடுக்கும்போது, பார்வையிடும் கட்டணம் எவ்வளவு, திருத்தச் செலவு எவ்வளவு என்பதை முன்னரே எழுத்தில் பெறுங்கள். பழைய கருவிக்கு, திருத்தும் செலவு அதன் விலையை மிஞ்சிவிடுவதுமுண்டு.

கடையில் வாங்கியது பழுதானால்

இச்செய்தி வாய்வழியாகப் பரவிய பின்னர் ஒரு தாயார் எம்மை நாடி வந்தார். மகளின் பிறந்தநாளுக்குக் கடையொன்றில் புதிதாக வாங்கிய இதே வகைக் கருவி நான்காம் மாதத்தில் நின்றுவிட்டது. கடைக்காரர், "எங்கள் பொறுப்பன்று, வெளிநாட்டிலுள்ள தயாரிப்பாளருக்கு எழுதுங்கள்" என்று அனுப்பிவிட்டார். அவரும் திரும்பி வந்துவிட்டார். ஏன் வாதாடவில்லை என்று கேட்டோம். அவருடைய பதிலை வாசகர்கள் ஊகித்திருப்பீர்கள். "எங்கட விசா இன்னும் முடிவில்லை. ஏதும் பிரச்சினை எண்டு வந்தால்?" என்றார்.

தம்பியின் தலைகுனிவுக்குப் பின்னாலும் இதே அச்சம் இருந்ததைப் பின்னர் அறிந்தோம். பத்தாண்டுகளுக்கு மேலாகப் பிரிட்ஜிங் விசாவில் வாழ்பவர் அவர். அலுவலகம், படிவம், முறைப்பாடு என்ற சொற்கள் எல்லாம் அவருக்கு ஒரே கதவாகத் தெரிகின்றன. அந்தக் கதவைத் தட்டாதிருப்பதே பாதுகாப்பு என்று எண்ணிவிட்டார். இந்த அச்சத்தை நாம் எள்ளவில்லை. அது வெறும் கற்பனையன்று, அனுபவம் தந்தது. ஆயினும் எந்தக் கதவு எதற்கு என்று பிரித்தறிய வேண்டும்.

அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் 2011 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளது. கடையில் வாங்கும் பொருள் நியாயமான தரத்துடனும், நியாயமான காலம் உழைக்கக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் உத்தரவாதம். பழுது சிறிதாயின், விற்றவர் நியாயமான காலத்துள் திருத்தித் தரவோ, மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பவோ வேண்டும். பழுது பெரிதாயின், பணமா, மாற்றுப் பொருளா என்று தெரிவுசெய்யும் உரிமை வாங்கியவருக்கே. தயாரிப்பாளரிடம் போ என்று சொல்லி விற்றவர் கைகழுவ முடியாது. பணம் திருப்பப்படமாட்டாது என்று எழுதித் தொங்கவிடும் பலகை இவ்வுரிமையைப் பறிக்காது. கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும், அதன் விலையும் வயதும் கருதி, உத்தரவாதம் உண்டு. ஆனால் தனியாள் ஒருவரிடம் வாங்கிய பொருளுக்குத் தரம் பற்றிய இந்த உத்தரவாதங்கள் இல்லை. ஆகவே வாங்குமுன் பொருத்திக் கேட்டுப் பாருங்கள். மனம் மாறிவிட்டது என்பதற்காகப் பணம் திரும்பக் கேட்கவும் சட்டம் இடமளிக்காது.

இச்சட்டத்தின் பாதுகாப்பு வாங்கியவரின் விசாவைப் பொறுத்ததன்று. பற்றுச்சீட்டு, இல்லையேல் வங்கிக் கணக்குப் பதிவு, போதும். முதலில் கடைக்காரருக்கு எழுத்தில் அறிவியுங்கள். பயனில்லையேல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் ஃபெயார் றேடிங் அலுவலகத்துக்கு, 13 32 20 என்ற இலக்கத்தில், முறையிடலாம், கட்டணம் இல்லை. மெல்பேர்ணில் உள்ளோர் விக்ரோரிய மாநில நுகர்வோர் விவகாரப் பிரிவை நாடலாம். ஆங்கிலம் தடையாயின், 131 450 என்ற இலக்கத்தில் தேசிய மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, 'தமிழ்' என்று சொல்லி, அலுவலகத்தோடு இணைக்கும்படி கேட்கலாம்.

அந்தத் தாயாருக்கு நாம் செய்தது, அரைப்பக்கக் கடிதம் ஒன்று எழுதிக் கொடுத்தது மட்டுமே. பொருளின் பெயர், வாங்கிய திகதி, பழுது, சட்டத்தின் பெயர், அவர் கேட்பது என ஐந்து வரிகள். கடிதத்தை வாசித்த கடை முகாமையாளர் புதிய கருவியைக் கொடுத்தனுப்பினார். ஃபெயார் றேடிங் வரை செல்ல வேண்டியிருக்கவில்லை.

நிறைவாக

இன்னிசை நிகழ்வு குறித்த நாளில் நடந்தது. தம்பி மேடையின் இடது ஓரத்தில் நின்று வாசித்தார். பென்டில் ஹில் பெரியவர் முன்வரிசையில் இருந்தார். கார்வை சற்று அதிகம் என்று இடைவேளையில் குறை சொன்னார். அடுத்த பாட்டுக்குத் தம்பி அதைக் குறைத்தார்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது எமது ஊர் வழக்கு. போரும் கடலும் முகாமும் கடந்து வந்த எம்மிற் பலருக்கு அழும் பழக்கமே அற்றுப்போய்விட்டது. சிறிய பழுதைக் கேட்டுத் திருத்தப் பழகாத வாய், நோயையும், வேலைத்தலத்துக் கொடுமையையும், வீட்டுத் துன்பத்தையும் எவரிடம் சென்று கேட்கும்? கிற்றார்ப் பெட்டி சிறிய விடயந்தான். சிறிய விடயத்தில் பழகுவதே எளிது.

டூங்கபி, பென்டில் ஹில், வென்ற்வேத்வில் பகுதிகளிலும் மெல்பேர்ணிலும் இசைக்கருவி, வானொலி, கணினி ஆகியவற்றைத் திருத்த அறிந்த பெரியோரும் இளையோரும் பலர் உள்ளனர். மாதத்தில் ஓரிரு மணி நேரம் ஒதுக்க இயலுமாயின், எமது பத்திரிகைக்கு எழுதுங்கள். உதவி தேவைப்படுவோரும் எழுதுங்கள். அந்த ஐந்து விபரங்களையும் மறவாமல் குறித்தெழுதுங்கள். இருவரையும் சேர்த்துவைக்கும் பொறுப்பை நாம் ஏற்கின்றோம்.